பிளாஸ்டிக் புல்லும் தாகமெடுத்த வீடும்

டாலஸுக்குப் பக்கத்து என்னிஸ் ஊரின் கரிசல் மண்ணைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை பேசினால், அந்த ஆள் நேற்றுத்தான் குடிவந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் பூட்ஸில் அப்பிக்கொண்டு ஆளை இரண்டு அங்குலம் உயர்த்திவிடும். ஆகஸ்டு வெயிலில் காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வாயைப் பிளக்கும். வில்லோ பெண்ட் குடியிருப்பில் மில்டன் ஹ்ருஸ்காவின் கொல்லைப்புறம் அந்த ஒரு கோடையில் மட்டும் ஒரு கார் சாவி, இரண்டு கோல்ஃப் பந்து, நாயின் ரப்பர் எலும்பு எல்லாவற்றையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. மழை வந்தால் நாய் தன் பங்குக்குக் கொல்லையில் பாதியைக் காலில் சுமந்துவந்து அவர் மனைவி ஆல்பினாவின் கம்பளத்தில் இறக்கிவைக்கும். நாலு வருஷம் புல் விதைத்தார்கள். முளைத்தது பாதி, செத்தது முழுசு.

கடைசியில் ஆல்பினா செயற்கைப் புல் போடுவது என்று முடிவெடுத்தாள். ஆனால் முடிவெடுத்தால் போதுமா? குடியிருப்புச் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே! அதன் தலைவி ஜெனீவா டிட்வெல் அம்மையார். குப்பைத் தொட்டி தெருவில் பத்து நிமிஷம் கூடுதலாக நின்றால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். பிளாஸ்டிக் புல் என்ற பேச்சே அங்கே கூடாது. ஆல்பினா மூன்று கூட்டங்களுக்குக் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு எடுத்துப் போனாள். நாலாவது கூட்டத்தில் அம்மையார் இறங்கிவந்தார்.

"ஒரே ஒரு வீடு, சோதனைக்கு. சனிக்கிழமை நானே வந்து பாப்பேன். சரியா இருந்தா அறுபத்து நாலு வீட்டுக்கும் அனுமதி. இல்லைன்னா பிடுங்கி எறிஞ்சுட்டு, இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

இந்த அறுபத்து நாலு என்ற எண்தான், அந்தச் சோதனை வீட்டு வேலையை எடுத்திருந்த டெல்ஃபினா கான்டூவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. டெல்ஃபினா பன்னிரண்டு வருஷம் டாலஸ் பக்கம் ஒரு முதலாளியிடம் புல் பதிக்கும் வேலை பார்த்தவள். மே மாதம் வேலையை விட்டுவிட்டு, பழைய லாரி ஒன்றும் மண் தோண்டும் சின்ன இயந்திரம் ஒன்றும் வாங்கி, லாரிக் கதவில் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது அந்த முதலாளி, "என்னிஸ் கரிசல்ல போய்த் தொழில் பண்ணப் போறியா? நல்லா பண்ணு. திரும்பி வரும்போது கதவைத் தட்டிட்டு வா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை. அதன்பிறகு கிடைத்ததெல்லாம் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலும் ஒரு பூனைக்கூண்டுத் தரையும்தான். சனிக்கிழமை சறுக்கினால் லாரியை விற்றுவிட்டு அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

அவளுடைய படையில் மொத்தம் ஒரே சிப்பாய்: அக்காள் புருஷன் செபோ. ஐம்பது வயது. வாய் ஓயாது, கையும் ஓயாது. மச்சினியை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவளாலேயே பிரிக்க முடியாது.

மில்டன் ஹ்ருஸ்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். மனுஷர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிற்கிறதா என்று சோதித்த அதிகாரி. ஓய்வு பெற்றபின் சோதிக்கத் தராசு கிடைக்காமல் மனிதர்களைச் சோதிக்க ஆரம்பித்தார். வேலி போட வந்தவன் இரண்டாம் நாள் ஓடினான். நீச்சல் குளம் வெட்ட வந்தவன் முதல் நாள் மத்தியானமே ஓடினான், மண்வெட்டியைக்கூட எடுக்காமல். அதனால் இந்தத் தடவை ஆல்பினா முன்கூட்டியே கட்டிப்போட்டாள்.

"மில்டன், நல்லா கேட்டுக்கோ. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசினே, கொல்லையில ஒரு கால் வெச்சே, ஃபுட்பால் சீசன் முழுக்க நான் கார்பஸ் கிறிஸ்டியில என் தங்கச்சி வீட்டுல இருப்பேன். உனக்குச் சமைக்க நாய் இருக்கு."

மில்டன் சத்தியம் செய்தார். செய்துவிட்டு, தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. கரிசலில் புல் பதிப்பது கம்பளம் விரிப்பது மாதிரி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். டெல்ஃபினா நாலு அங்குலம் மண்ணைச் சீவி எடுத்து வெளியே ஏற்றினாள். மிச்ச மண்ணும் மேலே போடப்போகும் ஜல்லியும் கலக்காமலிருக்க நடுவில் கெட்டித் துணி விரித்தாள். ஜல்லியும் கல்தூளும் கலந்து இரண்டு அடுக்காகக் கொட்டி, நனைத்து, கம்பாக்டரை ஓட்டி இறுக்கினாள். வீட்டுப் பக்கத்திலிருந்து பின்வேலி நோக்கி நூல் கட்டிச் சரிவு பார்த்தாள். சரிவின் அடியில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைப் புதைத்தாள். வேலையில் அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று முதல் நாளே நடந்தது. கொல்லையில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற பழைய குழாய் வரிசை இருந்தது. பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் எதற்கு? டெல்ஃபினா வால்வுப் பெட்டியைத் திறந்து, குழாய்கள் மொத்தத்துக்கும் ஒரேயடியாக மூடி போட்டு அடைத்தாள்.

சமையலறை ஜன்னலில் மில்டன் எழுந்து நின்றார். கண்ணாடியைத் தட்டினார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கீழே இறக்கி, விரல்களைக் குலுக்கினார். சுவரைக் காட்டினார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாக்கைத் தொங்கவிட்டார். பிறகு உடம்பைக் கோணலாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"அத்தான், அங்க பாருங்க. அவர் என்ன சொல்றாரு?"

செபோ நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "ரொம்ப வெயிலா இருக்கு, தண்ணி குடிங்க, இல்லைன்னா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்கன்னு சொல்றாரு. நல்ல மனுஷன். ஊர்ல சும்மா கதை கட்டிவிட்டிருக்கானுங்க."

டெல்ஃபினா சிரித்து, தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, ஒரு மடக்குக் குடித்து, கையசைத்தாள். மில்டன் நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. ஆணி அடித்து, ஒட்டு தெரியாமல் ஒட்டி, புல் இழைகளுக்கு நடுவே மணலைத் தூவிப் பெருக்கி நிமிர்த்தியபின் டெல்ஃபினா செருப்பைக் கழற்றிவிட்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வெறுங்காலோடு நடந்தாள். பில்லியர்ட்ஸ் மேஜைபோலச் சமமாக இருந்தது. "அறுபத்து நாலு," என்று முணுமுணுத்தாள். அது செபோவின் காதிலும் விழுந்தது, ஆனால் கிண்டல் செய்யாமல் விட்டான்.

வியாழக்கிழமை காலையில் பாக்கிச் சாமான்களை ஏற்ற வந்தபோது, சமையலறை ஜன்னலுக்கும் குளியலறை ஜன்னலுக்கும் கீழே புல் உப்பியிருந்தது. ஒரு பன்றி குப்புறப் படுத்த நீளம்.

"ஆர்மடில்லோ," என்றான் செபோ. "ஓட்டு முதுகோட வளை தோண்டி அடியில குடும்பம் நடத்துது."

"நாலு அங்குலம் ஜல்லியைத் தோண்டிக்கிட்டா?"

"அதுக்கென்ன, நம்மள மாதிரி அதுக்கும் மெஷின் இருக்கும்."

ஆணிகளைப் பிடுங்கிப் புல்லைச் சுருட்டினார்கள். ஆர்மடில்லோவும் இல்லை, அதன் அத்தையும் இல்லை. ஜல்லிதான் மேலே எழும்பிக் கிடந்தது. வழித்துச் சமன் செய்து, இரண்டு மடங்கு இறுக்கி, மறுபடி ஆணி அடித்தார்கள். ஜன்னலில் மில்டன் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கையைக் காலை ஆட்டவில்லை. பூனை மாதிரிச் சாதுவாக இருந்தார். அதுவே சந்தேகப்படவேண்டிய விஷயம், ஆனால் யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே ஆல்பினாவுக்கு வேறு தலைவலி. திங்கட்கிழமையிலிருந்து குளியலறைக் கதவு சாத்திக்கொள்ள மறுத்தது. நிலைப்படி கோணிக்கொண்டு, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டைவிரல் நுழைகிற இடைவெளி. உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்க அவள் போல்கா பாட்டைச் சத்தமாகப் பாடினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவை வீடு முழுக்கக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மேடு மறுபடி வந்துவிட்டது. முந்தின நாளைவிடக் கொழுத்திருந்தது.

டெல்ஃபினா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவன் பெயரில் எத்தனை கொல்லை போட்டிருப்பாள்! ஒன்றுகூட எழும்பியதில்லை. தன் பெயரைக் கதவில் எழுதிய பிறகுதானா மண்ணுக்கு இப்படிப் புத்தி போகவேண்டும்?

"எனக்குக் கை போயிடுச்சு அத்தான். நான் அவன்கிட்ட கூலியா இருக்கத்தான் லாயக்கு."

"ஏய், என்ன பேச்சு இது? எந்திரி. ஜல்லியைக் கிண்டிப் பாக்காம ஒப்பாரி வெச்சா எப்படி?" செபோ முதல் தடவையாக அவளை முதலாளி என்று சொல்ல மறந்தான்.

கடப்பாரை எடுத்து ஜல்லியை விலக்கி, துணியைக் கிழித்து, கரிசலைத் தோண்டினாள். ஊரில் மழை பெய்து நாற்பது நாளாகிறது. அடியில் மண் வெண்ணெய்போலக் குழைந்து கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தாள்.

"அத்தான், இந்த மண்ணு எலுமிச்சை வாசனை அடிக்குது."

"கரிசல்லயா? கொடு பாப்போம்." செபோவும் மோந்தான். "இது பாத்திரம் கழுவுற சோப்பு!"

இரண்டு பேரும் மெல்லத் தலையைத் தூக்கினார்கள். சமையலறை ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. அதன் வழியே கண்ணாடிபோன்ற ஒரு மெல்லிய குழாய் சுவரை ஒட்டி இறங்கி, புல்லின் ஓரத்துக்கு அடியில் போயிருந்தது. டெல்ஃபினா குழாயைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும் "ஐயோ" என்ற ஆண்குரலும் கேட்டன.

ஆல்பினா ஓடிவந்தாள். டெல்ஃபினாவும் செபோவும் பின்கதவு வழியே உள்ளே போனார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறைந்த தொட்டியில் ஒரு முனையை முக்கிப் பிடித்தபடி, கை முழுக்க நுரையோடு மில்டன் நின்றார்.

"மில்டன்! என்ன காரியம் பண்ணிட்டிருக்கே?"

மில்டன் வாயைத் திறக்கவில்லை. டெல்ஃபினாவைக் காட்டினார், வாயைக் காட்டினார், தெற்கே கார்பஸ் கிறிஸ்டி இருக்கிற திசையைக் காட்டினார்.

"பேசித் தொலை! இன்னிக்கு ஒரு நாள் விட்டேன்!"

நாலு நாள் அடைத்துவைத்தது மொத்தமாக உடைந்தது. "வீட்டுக்குத் தண்ணி வைக்கிற குழாயையும் சேத்து அடைச்சுட்டீங்களேம்மா! ஆகஸ்டு மாசம்! தலையால தண்ணி குடிச்சு ஜன்னல்ல நின்னு சொன்னேனே! நாக்கைத் தொங்கப்போட்டேன், வீடு சாயுற மாதிரி சாஞ்சு காட்டினேன். நீங்க எனக்கு சியர்ஸ் சொல்றீங்க!"

டெல்ஃபினாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்த ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்களோ இல்லையோ, வீட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் யாரும் கோடையைக் கழிப்பதில்லை. கரிசல் காய்ந்து சுருங்கினால் அஸ்திவாரத்தை விட்டு விலகும். வீடு ஒரு பக்கம் இறங்கும், சுவர் கீறும், கதவு கோணும். அதனால் வீட்டைச் சுற்றி உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ரப்பர் குழாயைப் புதைத்து, கோடை முழுக்கக் கசியவிடுவார்கள். அவளுடைய அம்மா இன்றைக்கும் காலையில் காப்பிக்கு முன்னால் வீட்டுக்குத்தான் தண்ணீர் விடுகிறாள். இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவள் போய் அந்தக் குழாயை அடைத்திருக்கிறாள்!

"தப்பு என்மேலதான் சார்," என்றாள்.

மில்டன் இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. வேலிக்காரன், குளத்துக்காரன் ஒருவனும் இதைச் சொன்னதில்லை. "பாதி என்மேலயும் இருக்கு," என்றார். "ஒரே இடத்துல விட்டிருக்கக்கூடாது. ஆனா குழாய் அவ்வளவு நீளம்தான் இருந்துது."

"அப்போ என் பாத்ரூம் கதவு?" என்றாள் ஆல்பினா.

"அது வீட்டோட தாகம்மா," என்றான் செபோ. "கதவு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது."

டெல்ஃபினாவுக்குப் போன தைரியம் எல்லாம் திரும்பி வந்தது. கை போகவில்லை, கவனம்தான் போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு பகல் இருந்தது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குப் புல்லை வெட்டி எடுத்தாள். உப்பிய ஈரக்கரிசலை முழங்கால் ஆழத்துக்கு அள்ளி வெளியே தள்ளினாள். வீட்டுக்கு விடுகிற தண்ணீர் புல்லின் அடிக்குப் போகாதபடி, பள்ளத்தின் கொல்லைப் பக்கத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் செங்குத்தாக இறக்கினாள். அடியில் புதுக் கசிவுக் குழாயைப் பதித்து, மூடியைத் திறந்து டைமரோடு இணைத்து, மேலே பள்ளம் நிறையக் கூழாங்கல்லைக் கொட்டி இறுக்கினாள். மிச்சத்தைப் புதுசாக ஜல்லி போட்டு இறுக்கிப் புல்லின் ஓரத்தை ஆணியடித்தாள். மில்டன் அந்த ஒரு நாள் விடுதலையில் முட்டிபோட்டு, ரசமட்டத்தை அடிக்கு அடி வைத்துப் பார்த்தார்.

"இங்க ஒரு நூல் தூக்கலா இருக்கும்மா."

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க சார்."

துடைத்துவிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. அதற்காக அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கிளம்பும்போது டெல்ஃபினா டைமரைக் காட்டி, "ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிஷம். அவ்வளவுதான்," என்று விரலை ஆட்டிச் சொன்னாள். மில்டன் தலையாட்டினார். லாரி தெருமுனை திரும்பியதும், நாலு நாள் பட்டினி கிடந்த வீட்டுக்கு இருபது நிமிஷம் எந்த மூலைக்கு என்று யோசித்தார். டைமரை மறுநாள் மத்தியானம் வரைக்கும் திருப்பிவைத்தார். போதாக்குறைக்கு நாற்பது நாளாக வராத மழையும் அன்று இரவே வந்து வெளுத்துக் கட்டியது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டிட்வெல் அம்மையார் வந்தார். அவருடைய வீட்டு வாசலே மழையில் சேறாகியிருந்தது. ஷூ இரண்டும் கரிசல் அப்பிக் கறுப்பு ரொட்டிபோல இருந்தன. ஒழுங்கானவர் என்பதால் அவற்றை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெள்ளைக் காலுறையோடு உள்ளே வந்தார். கால்சட்டையும் வெள்ளை. கையில் அட்டையில் செருகிய விண்ணப்பப் படிவம். அதை யாரிடமும் கொடுக்கமாட்டார், மேஜையில்கூட வைக்கமாட்டார்.

"முதல்ல கேள்வி. அப்புறம் பார்வை," என்று சோபாவில் உட்கார்ந்தார். சரிவு எவ்வளவு, வெயிலில் சூடு எவ்வளவு, நாய் மூத்திரம் எங்கே போகும் என்று ஒரு மணி நேரம் கேட்டார். டெல்ஃபினா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஆல்பினா இனிப்பான ஐஸ் டீயை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது டம்ளர் முடிந்ததும் அம்மையார் எழுந்தார்.

"கொல்லைக்குப் போறதுக்கு முன்னாடி... பாத்ரூம் எங்கே?"

ஆல்பினாவின் முகம் வெளுத்தது. டிட்வெல் அம்மையாரைப் போய்ப் பாட்டுப் பாடச் சொல்ல முடியுமா? அதற்குள் அம்மையார் உள்ளே நுழைந்துவிட்டார். கதவு டப் என்று சாத்திக்கொண்டது.

"மில்டன்! கதவு சாத்திடுச்சு!" ஆல்பினா இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள்.

"பின்னே? வீடு தண்ணி குடிச்சிருக்கில்ல!" மில்டன் நெஞ்சை நிமிர்த்தினார்.

இரண்டு நிமிஷம் கழித்து உள்ளே கைப்பிடி திருகும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. அப்புறம் கதவைக் குலுக்கும் சத்தம். "ஹலோ?" என்றார் அம்மையார்.

வீடு வேண்டிய மட்டும் குடித்திருந்தது. நிலைப்படி கதவை இறுக்கிக் கவ்வியிருந்தது. மில்டன் தோளால் முட்டினார். செபோ கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கைப்பிடி கையோடு வந்தது.

"சார்," டெல்ஃபினா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், "எத்தனை நிமிஷம் விட்டீங்க?"

மில்டன் நாயைப் பார்த்தார்.

"எனக்குப் பதினோரு மணிக்கு அணிவகுப்புக் கமிட்டி இருக்கு!" உள்ளிருந்து குரல் வந்தது. "நான் ஜன்னல் வழியா வரேன்!"

எல்லாரும் கொல்லைக்கு ஓடினார்கள். டெல்ஃபினாதான் முதலில் போய் நின்றாள். குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழே கூழாங்கல் பாத்தி. நேற்று வரைக்கும் வெண்ணெயாகக் கிடந்த இடம். ராத்திரி முழுக்கக் குழாய்த் தண்ணீர், மேலே மழைத் தண்ணீர். கொல்லை முழுவதிலும் இதைவிட ஈரமான ஓர் இடம் கிடையாது. கல் ஒரு அங்குலம் அமுங்கிக் கரிசல் மேலே பிதுங்கினால் போதும், சங்கத் தலைவி கணுக்கால் வரைக்கும் உள்ளே போய்விடுவார். அறுபத்து நாலு வீடும் கூடவே போகும். இறுக்கிய பிறகு ஒரு நாள் அப்படியே விட்டுப் பார்க்கவேண்டும் என்பது தொழில் வழக்கம். அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை.

டிட்வெல் அம்மையார் குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி, ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து, வெள்ளைக் கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டார். தரைக்கும் அவருக்கும் இடுப்பளவு உயரம். கீழே பார்த்தார். முப்பது வருஷமாக இந்த ஊரில் மழைக்கு மறுநாள் கொல்லையில் கால் வைத்து அனுபவப்பட்டவர்.

"ஒரு பலகை போடுங்க."

மில்டன் ஏற்கெனவே பலகையோடு ஓடிவந்துகொண்டிருந்தார். செபோ அதை வாங்கினான். வாங்கி, மச்சினியைப் பார்த்தான். பலகை போட்டால் இன்றைக்குத் தப்பித்துவிடலாம். அம்மையார் அதன்மேல் இறங்கி, நாலு எட்டில் காய்ந்த பக்கம் போய்விடுவார்.

"பலகை வேண்டாம் அத்தான்," என்றாள் டெல்ஃபினா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "மேடம், இந்தக் கொல்லையில இறங்கப் பலகை வேணும்னா நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். அப்படியே குதிங்க."

"என் காலுறை வெள்ளை," என்றார் அம்மையார்.

"பார்த்தேன் மேடம்."

செபோ கண்ணை மூடிக்கொண்டான். ஆல்பினா கணவனின் கையைப் பிடித்தாள். அம்மையார் டெல்ஃபினாவை ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் குதித்தார்.

கறுக் என்று ஒரு சத்தம். கூழாங்கல் அசையவில்லை.

அம்மையார் நின்ற இடத்திலேயே நின்றார். கொஞ்சம் குதிகாலை அழுத்திப் பார்த்தார். அங்கிருந்து புல்லில் ஏறினார். நடுக்கொல்லைக்குப் போய், பின்வேலி வரைக்கும் போய், வேலிக்கு மேலே எக்கிப் பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்த்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலும் சேற்றில் புதைந்து உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்து ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுத்த காலை. காலுறை நனைந்திருந்தது. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"என் அட்டை உள்ளே இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

டெல்ஃபினா ஜன்னலைப் பிடித்து ஏறிக் குதித்து உள்ளே போனாள். அட்டை கை கழுவும் தொட்டிமேல் இருந்தது. எடுக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. படிவத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக். கீழே கையெழுத்து. காரணம்: 'மழைக்குப் பின் சேறு.' தேதி நேற்றைய தேதி. நேற்று பகலில் மழையே இல்லை. கொல்லையைக் கண்ணால் பார்க்கும் முன்பே எழுதியது!

டெல்ஃபினா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆத்திரம் ஏறியது. ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாரே, மூன்று டம்ளர் டீ குடித்தாரே! அந்த அட்டையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடலாம் என்று கை பரபரத்தது.

"முதலாளி," செபோ வெளியிலிருந்து கூப்பிட்டான், "உள்ளயே குடித்தனம் பண்ணப்போறியா?"

அவள் எழுந்தாள். அட்டையை எழுத்து மேலே தெரியும்படி ஜன்னல் வழியே நீட்டினாள். அம்மையார் வாங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படிச்சுட்டீங்களா?"

"படிச்சேன் மேடம்."

டிட்வெல் அம்மையாருக்குக் காது மடல் சிவந்தது. சங்கத்தில் யாரும் அதற்குமுன் பார்த்திராத காட்சி. பேனாவைத் திறந்து டிக்கை அடித்தார், காரணத்தை அடித்தார், தேதியையும் அடித்தார். மேலே 'அனுமதி' என்ற கட்டத்தில் புதிதாக ஒரு டிக் போட்டார். காரணம் எழுதுகிற இடத்தில் கொஞ்சம் யோசித்தார். மறுபடி ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்துவிட்டு எழுதினார். எழுதியதை டெல்ஃபினாவிடம் திருப்பிக் காட்டினார்.

'காலுறை வெள்ளையாகவே இருக்கிறது.'

டெல்ஃபினா ஜன்னலிலிருந்து கூழாங்கல்மேல் குதித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. செபோ அவள் தோளில் ஒரு அடி போட்டான்.

"திங்கட்கிழமை எங்க வீட்டுக்கு வந்து அளந்துட்டுப் போங்க," என்றார் அம்மையார், ஆல்பினா வாசலிலிருந்து எடுத்துவந்த தன் ஷூவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு. போட்டுக்கொள்ள மனமில்லை போலிருக்கிறது.

"வரேன் மேடம். ஆனா மண்வெட்டியை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பேன். உங்க வீட்டுக்கு யாரு தண்ணி வைக்கிறது?"

"என் வீட்டுக்காரர். ஏன்?"

"அவரை ஜன்னல்ல உக்கார வெக்காதீங்க. வெளிய வந்து வாயால பேசச் சொல்லுங்க."

பின்னால் வால்வுப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். மில்டன் டைமருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"நிறுத்தத்தான் போறேன்," என்றார் அவசரமாக. "சத்தியமா நிறுத்தத்தான். கதவைத் திறக்கணுமே!"